காகிதம்போல் மெலிந்த கார் உடையாதது ஏன்?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் டார்வின் முதல் அடிலெய்டு வரை நடக்கும் சூரியசக்திக் கார் பந்தயத்தில், மாணவர்கள் கட்டும் மெல்லிய கார்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

பதில்: 1987-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர். உச்சிவெயிலிலும் காரின் சூரியத் தகடுகள் தருவது ஏறக்குறைய ஓர் இஸ்திரிப்பெட்டிக்கு வேண்டிய மின்சாரமே என்பதாலும், எடை கூடக்கூடச் சக்கரங்களின் உருளல் தடையும் கூடும் என்பதாலும், மாணவர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள்.

உடலைக் கார்பன் இழைத் துணியை எபாக்சி பிசினில் தோய்த்து, வெற்றிடப் பையின் அழுத்தத்தில் இறுகவைத்துச் செய்கிறார்கள். இரண்டு மெல்லிய கார்பன் தோல்களுக்கு நடுவே தேன்கூட்டு அறைகளைக் கொண்ட இலேசான உள்ளீட்டை ஒட்டும்போது, தோல்களுக்கிடையிலான தூரத்தை இரட்டிப்பாக்கினால், எடை சிறிதே கூட, வளையாத விறைப்போ ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

ஆனால் போல்ட்டை நேரடியாக முடுக்கினால் அந்த உள்ளீடு நசுங்கிவிடும். ஆகவே சக்கரங்களைத் தாங்கி அதிர்வைத் தணிக்கும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில் அதை அகற்றிவிட்டுக் கெட்டியான உலோகச் செருகியைப் பதித்து, சுற்றிலும் கூடுதல் துணியடுக்குகளைப் போட்டு விசையைப் பரவச் செய்ய வேண்டும். ஓர் அணியின் கைத்திறன் இங்கேதான் தெரியும் என்பேன். செருகி அலுமினியமாக இருந்தால், கார்பனைத் தொடும் இடத்தில் ஈரம் பட்டதும் அந்த அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், இடையில் கண்ணாடியிழை அடுக்கு ஒன்று அவசியம். கார்பன் மின்சாரத்தைக் கடத்துமாதலால், சூரிய மின்கலங்களுக்கு அடியிலும் மின்காப்பு அடுக்கு தேவைப்படுகிறது.