சிம்ஸ் 4: டாட்லர் விளையாட்டு அறை கட்டுவது எப்படி? கேள்வி பதில்

தி சிம்ஸ் 4 என்பது சிம் எனப்படும் மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி வாழவைக்கும் வீடியோ விளையாட்டு. அதை விளையாடுபவர்கள் டாட்லர் (தத்தி நடக்கும் வயதுக் குழந்தை) அறை பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாம் கணினிப் பதிப்பை வைத்துச் சொன்னவை.

அக்கா, ஒரு டாட்லருக்கு விளையாட்டு அறை எவ்வளவு பெரிசா இருக்கணும்? நான் 8×8 கட்டிட்டு என்ன வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறேன்.

8×8 ரொம்ப அதிகம். ஒரு குழந்தைக்கு 5×4 கட்டம் தாராளம். படுக்கையும் அதே அறையில்தான் என்றால் 6×5 வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அறை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டாட்லரின் நடை எவ்வளவு மெதுவென்று உங்களுக்கே தெரியும். சாதாரண ஆயுள் அமைப்பில் டாட்லர் பருவம் மொத்தமே 7 நாள். அதைத் தளர்நடையில் கரைக்கக் கூடாது.

ராத்திரி 3 மணிக்கு என்ன நடக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். குழந்தை எழுந்து கட்டிலிலிருந்து இறங்கும், திரும்பும், தத்தித் தத்தி அறையைக் கடக்கும், பாதி வழியில் பொம்மையைப் பார்த்து உட்கார்ந்துவிடும். பாட்டி சேர் (potty, குழந்தைக்கான கழிப்பு நாற்காலி) எதிர்ச்சுவரில் இருந்தால் டயப்பர் நனைந்துவிடும். அதையே கட்டிலிலிருந்து இரண்டு கட்டத் தூரத்தில் வைத்தால் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும். அதனால் சுவர் எழுப்பும் முன்பே கட்டில், பாட்டி சேர், கதவு மூன்றும் எங்கே என்று முடிவு செய்யுங்கள். வால்பேப்பர் எல்லாம் பிறகு.

நடுவில் 3×3 கட்டத்தைக் காலியாக விடுங்கள். டாட்லர் தரையில் உட்கார்ந்து விளையாடும், பக்கத்தில் பெரியவரும் வந்து உட்கார வேண்டும். அந்த இடத்தில் கம்பளம் விரிக்கலாம். கம்பளம் வழியை மறிக்காது.

எந்தப் பொம்மை எந்தத் திறனுக்குன்னு சொல்லுங்களேன்.

டாட்லருக்கு ஐந்து திறன்கள். அசைவு, பேச்சு, கற்பனை, சிந்தனை நான்கும் 5 நிலை வரை போகும். பாட்டி, அதாவது கழிப்புப் பழக்கம், மட்டும் 3 நிலை.

கற்பனைக்குப் பொம்மைகளும் பொம்மை வீடும். சிந்தனைக்குக் கட்டைகளும், பெரியவர் காட்டும் ஃப்ளாஷ் கார்டும். அசைவுக்கு ஸ்டீரியோ போட்டு ஆடவிட்டாலே போதும். வாபிட் டேப்லெட் (குழந்தைக்கான கைக்கணினி) ஒரே பொருளாக இருந்து பல திறன்களைத் தொடும், தரையில் இடமும் கேட்காது. காசு குறைவாக இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். பேச்சுத் திறனுக்குப் பெரியவர் உட்கார்ந்து பேசுவது நல்ல வழி. அந்தக் காலி 3×3 இதற்கும்தான்.

ஐந்தும் உச்சத்தைத் தொட்ட பிறகு குழந்தைக்கு வயது ஏறினால் டாப்-நாட்ச் டாட்லர் என்ற குணம் கிடைக்கும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கத் திறன்கள் வேகமாக ஏறும். அந்த 7 நாளுக்கு இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான்.

மாடியில படுக்கையறை, கீழ விளையாட்டு அறை. சரியா வருமா?

வேண்டாம். டாட்லர் படி ஏறும், ஆனால் அதற்குள் பசி, தூக்கம், டயப்பர் மூன்றும் சேர்ந்துகொள்ளும். கட்டில், பாட்டி சேர், ஹை சேர் (சாப்பாடு ஊட்டும் உயர நாற்காலி), குளியல் தொட்டி நான்கும் ஒரே தளத்தில் இருக்கட்டும். வீடு ஏற்கனவே கட்டியாயிற்று என்றால் விளையாட்டு அறையை மாடிக்குக் கொண்டுபோவதைவிடக் கட்டிலைக் கீழே இறக்குவது நல்லது. செங்குத்து ஏணியில் டாட்லர் ஏறவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று: ஷவர் மட்டும் உள்ள குளியலறையில் டாட்லரைக் குளிப்பாட்ட முடியாது. தொட்டி கட்டாயம் வேண்டும்.

இரட்டைக் குழந்தைங்க. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்கணுமா?

கட்டில், ஹை சேர், பாட்டி சேர் மூன்றும் இரண்டிரண்டு. காலையில் இரண்டும் ஒரே நேரத்தில் எழும், ஒன்று உட்கார்ந்திருக்க மற்றது காத்திருந்து நனைத்துக்கொள்ளும். பொம்மை வீடு, புத்தக அலமாரி, ஸ்டீரியோ ஒவ்வொன்று போதும். ஸ்டீரியோவைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், ஒன்று ஆடினால் மற்றதற்குத் தூக்கம் கலையும். நடுவே சுவர் இருக்கட்டும்.

ஹை சேர்ல உட்கார வெச்சு சாப்பாடு கொடுக்கிறதுக்குள்ள அம்மா சிம்மே தூக்கி இறக்கிவிட்டுடறாங்க. திரும்பத் திரும்ப இதே கதை. பைத்தியம் பிடிக்குது.

இது பலருக்கும் வரும் தொல்லை. வீட்டில் உள்ள பெரியவர்கள் தாமாகச் செய்யும் வேலைகளில் குழந்தையை இறக்குவதும் ஒன்று. சாப்பாடு வருமுன்பே யாராவது ஒருவர் அதைச் செய்துவிடுவார்.

முதலில், விளையாட்டு அமைப்புகளில் ஆட்டானமி (சிம் தானாகவே செயல்படுவது) பகுதிக்குப் போய், தேர்ந்தெடுத்த சிம்முக்கு மட்டும் ஆட்டானமியை நிறுத்தும் பெட்டியை டிக் செய்யுங்கள். ஊட்டும் ஆளைத் தேர்ந்தெடுத்தே வைத்திருங்கள். வேறு சிம்முக்கு மாறினால் இவர் மறுபடி தன் இஷ்டத்துக்கு இறங்கிவிடுவார். அடுத்து, மற்ற பெரியவருக்கு வேறு அறையில் ஒரு வேலை கொடுங்கள். மூன்றாவது, ஹை சேரை மூலையில் ஒட்டாதீர்கள். முன்னால் ஒரு கட்டம் காலியாக இருந்தால்தான் பெரியவர் நிற்க இடம் கிடைக்கும். நெருக்கி வைத்தால் சிம் கையை ஆட்டிக் குறை சொல்லும், தலைக்கு மேல் குமிழியில் மறிக்கும் பொருளின் படம் வரும். அந்தப் படத்தைப் பாருங்கள், எதை நகர்த்த வேண்டும் என்று அதுவே சொல்லும்.

கேலரியில (மத்தவங்க கட்டின வீடுகளைப் பகிரும் இடம்) பாக்குற மாதிரி பொம்மைங்க சிதறிக் கிடக்கணும், அலமாரி நிறைஞ்சு இருக்கணும். எனக்கு வைக்கவே விடமாட்டேங்குது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சீட் (cheat, குறுக்குவழிக் கட்டளை) அடிக்கும் பெட்டி திறக்கும். அதில் பிபி புள்ளி மூவ்ஆப்ஜெக்ட்ஸ் என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஆன் சேருங்கள். இப்போது பொருள்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வைத்தால் கட்டத்துக்குக் கட்டுப்படாது. 9 உயர்த்தும், 0 தாழ்த்தும். தனியாக வேலை செய்யாவிட்டால் கண்ட்ரோலைச் சேருங்கள். ஷிஃப்டும் சதுர அடைப்பு விசையும் சேர்ந்தால் அளவு மாறும்.

இதில் மூன்று இடங்களில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். உயர்த்தி வைத்த பொருள் அலமாரியோடு ஒட்டியதல்ல. அலமாரியை நகர்த்தினால் கரடி பொம்மை அந்தரத்தில் தொங்கும், எனவே அலமாரியின் இடம் முடிவான பிறகே அடுக்குங்கள். குழந்தை பயன்படுத்தும் பொருளின் அளவை மாற்றாதீர்கள், பொருள் பெரிதானாலும் அசைவு பழைய அளவிலேயே நடக்கும். கடைசியாக, அலங்காரப் பொம்மைகளைச் சுவரோரம் மட்டும் சிதறவிடுங்கள். நடுத்தரையில் சிதறினால் படத்துக்கு அழகு, குழந்தைக்கு வழி இல்லை. கட்டி முடித்ததும் லைவ் மோடில், அதாவது சிம்கள் வாழும் நிலையில், ஒரு முழு நாள் ஓட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

குழந்தை எங்கயோ மாட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்குது.

சீட் பெட்டியில் டெஸ்ட்டிங்சீட்ஸ் ட்ரூ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு குழந்தையைக் கிளிக் செய்தால் ரீசெட் ஆப்ஜெக்ட் வரும். அதைக் கொடுங்கள். திரும்ப அதே இடத்தில் மாட்டினால் குற்றம் அறையமைப்பில்தான்.

பொம்மை வீடு, கட்டை எல்லாம் இருந்தும் டாய்லெட்லதான் போய் விளையாடுது. தரை முழுக்கத் தண்ணி.

டாட்லரின் இயல்பு அது, அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் போகும். கதவைக் கிளிக் செய்தால் பூட்டும் வழிகள் வரும், யாரை விடுவது என்றும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் குளியல் தொட்டியும் அதே அறையில் இருந்தால் குளிப்பாட்டுவதும் தடைபடலாம். டாய்லெட்டைத் தனிச் சிற்றறையாகப் பிரித்து அதை மட்டும் பூட்டுங்கள்.

எந்த பேக் (விளையாட்டோட சேர்க்கிற கூடுதல் தொகுப்பு) வாங்கலாம்?

டாட்லர்கள் 2017 ஜனவரியில் இலவசமாகவே வந்தவர்கள். அடிப்படை விளையாட்டும் 2022 அக்டோபர் முதல் இலவசம். மேலே சொன்ன அறைக்கு எந்த பேக்கும் தேவையில்லை. தோட்டத்தில் இடம் இருந்தால் 2017 ஆகஸ்டில் வந்த டாட்லர் ஸ்டஃப் நல்ல தேர்வு: சறுக்கு, பந்துக் குழி. அறைக்குள் வைத்தால் இடத்தை விழுங்கிவிடும். பேரன்ட்ஹுட் என்ற பேக்கை வாங்குவது வளர்ப்பு முறைக்காக, அறைக்காக அல்ல.

அப்டேட் வந்ததும் நெட்ல டவுன்லோட் பண்ணி வெச்ச பொம்மைங்க, தொட்டில் திரை எல்லாம் காணோம்!

பதறாதீர்கள், கோப்புகள் அழியவில்லை. ஒவ்வொரு அப்டேட்டின்போதும் விளையாட்டு தானாகவே கஸ்டம் கன்டென்ட்டை (வெளியிலிருந்து சேர்த்த பொருள்களை) அணைத்துவிடும். அமைப்புகளில் 'அதர்' பகுதியில் அதைத் திரும்ப இயக்கி, விளையாட்டை மூடித் திறங்கள். அதுவரை அந்த வீட்டைச் சேமிக்காதீர்கள். பொருள்கள் இல்லாத நிலையிலேயே பதிவாகிவிடும்.

இயக்கியும் ஏதாவது கெட்டிருந்தால் அந்தக் கோப்புகள் இருக்கும் மாட்ஸ் கோப்புறையில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கோளாறு போய்விட்டால் எடுத்த பாதியில்தான் குற்றவாளி. அதை மறுபடி பாதியாக்குங்கள். 64 கோப்பு இருந்தாலும் ஆறு முறையில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் லோக்கல்தம்ப்கேஷ் என்ற கோப்பை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பழைய நினைவு ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.