வீட்டின் பின்புறமாக நடைபயிற்சிப் பாதை வரப்போகிறது, ஆதரிப்பதா, எதிர்ப்பதா?

திருட்டு பெருகும், அந்தரங்கம் போய்விடும், வீட்டு மதிப்பு இறங்கும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுவதாக எழுதி, யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இத்தகைய பாதைகளை மனதார விரும்புகிறவன். ஆனாலும், எதிர்ப்பவர்களின் பேச்சை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதே என் பதில்.

எங்கள் பகுதியில், கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மீது இப்படியொரு பாதை திட்டமிடப்பட்டபோது, வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் சம்மதித்தவர்களில் நானும் ஒருவன். எதிர்ப்புத் தெரிவித்த மூதாட்டி ஒருவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, சமையலறை ஜன்னலருகே தாம் நின்றுகொண்டு, தண்டவாளம் இருந்த மேட்டின் மீது எங்களை நடக்கச் சொன்னார். மேட்டிலிருந்து பார்த்தபோது மதில் எதையுமே மறைக்கவில்லை. அடுப்பின் மேலிருந்த பாத்திரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் பாதையை மறுபக்கச் சரிவுக்கு நகர்த்தி, இடையே அடர்ந்த புதர்வேலி அமைப்பது என்று திட்டத்தைத் திருத்திய பிறகு, அவரே ஆதரவாகப் பேசத் தொடங்கினார்.

திருட்டு பற்றிய அச்சம் பெரும்பாலும் மெய்யாவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பழைய ரயில் தடத்தில் 1978இல் திறக்கப்பட்ட பர்க்-கில்மன் பாதைக்கும் குடியிருப்போரிடையே எதிர்ப்பு இருந்தது. 1987இல் வெளியான ஆய்வு, பாதையோர வீடுகளில் திருட்டு கூடவில்லை என்றும், வீட்டுத் தரகர்களின் கணிப்பில் பாதைக்குச் சற்றுத் தள்ளியிருந்த வீடுகள் சுமார் 6 விழுக்காடு கூடுதலாக விலைபோயின என்றும் தெரிவித்தது. பாதையை ஒட்டியே இருந்த வீடுகளின் விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது, ஆள் நடமாட்டத்தைத் தாங்கிக்கொள்பவர் ஒருவர், ஆதாயம் அடைபவர் அடுத்த தெருக்காரர். ஆகவே வேலி, விளக்கின் கோணம், வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றில் பாதையோரக் குடும்பங்களின் சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும்.

பலரும் கேட்க மறப்பது பராமரிப்பைப் பற்றித்தான். திறப்பு விழாவுக்குப் பணம் கிடைத்துவிடும். மூன்றாம் ஆண்டில் புதரை வெட்டுவதும், வேர் முட்டி வெடித்த தளத்தைச் சீராக்குவதும் யார் பொறுப்பு, எந்தக் கணக்கிலிருந்து என்பதைக் கூட்டத்திலேயே எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். நடப்பவரும் மிதிவண்டிக்காரரும் சேர்ந்தே பயன்படுத்துவதானால் அகலம் 3 மீட்டருக்குக் குறையாமலும், சக்கர நாற்காலியில் வருவோருக்காக ஏற்றம் 20க்கு 1 (20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம்) என்பதைத் தாண்டாமலும் இருக்கிறதா என்று வரைபடத்தில் சரிபாருங்கள். இவற்றுக்கு ஒப்புதல் கிடைத்தால், தயங்காமல் ஆதரவுக் கையெழுத்திடுங்கள்.