ஒரே ஃபோரே, இருவர் வாசித்தால் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சுரங்கள் ஒன்றுதான், மாறுவது பெரும்பாலும் வேகமும் தொடுகையும்தான். பிரெஞ்சு இசையமைப்பாளர் கப்ரியேல் ஃபோரே பியானோவுக்கு எழுதிய முதல் பார்க்கரோலை எடுத்துக்கொள்ளுங்கள். படகுப் பாட்டு வகை, 6/8 தாளம், அதாவது சுற்றுக்கு ஆறு தட்டு. அதை இரண்டு அசைவாக எண்ணி வாசித்தால் படகு ஆடும். உருக்கம் வரட்டும் என்று மெதுவாக்கினால் ஆறு தட்டும் தனித்தனியாகக் கேட்கும், ஆட்டம் நின்றுவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் இழுத்து நிறுத்துவதும் இவரிடம் எடுபடாது. சீரான காலப்பிரமாணத்தில் ஃபோரே பிடிவாதக்காரர். அவரோடு பாடிய பாடகி க்ளேர் க்ருவாசாவே அவரை நடமாடும் மெட்ரோனோம் (சீராகக் காலம் தட்டும் கருவி) என்ற பொருளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தொடுகை இன்னும் சிக்கல். மெட்டு பல இடங்களில் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையிலுள்ள நடு வரியில் ஒளிந்துகொண்டு, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். அந்த வேலை கட்டைவிரல்களுக்கு வந்து சேரும். அவையோ இயல்பிலேயே கனமானவை. கைமாறும் இடத்தில் ஒரு சுரம் இடித்தால் போதும், மெட்டு துண்டாகிவிடும். சுற்றி ஓடும் ஆர்பெஜியோக்களை (ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து வாசிக்கும் சுரக்கோவைகளை), விரலை அதிகம் தூக்காமல், பியானோக் கட்டையோடு ஒட்டியபடி மெல்ல வாசிக்க வேண்டும். அப்புறம், ஒலியை நீட்டும் கால் பெடல்: சுரக்கோவைகள் சட்டென மாறுவதால் கால் கொஞ்சம் தாமதித்தாலும் குழம்பிவிடும்.

சரி, ஃபோரேயின் 6ஆவது நாக்டர்னின் (இரவின் மனநிலையில் அமைந்த பியானோ இசை, 1894) தொடக்கத்தை இரண்டு பதிவுகளில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று ரசிக்கும் வாசிப்பில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.