கம்ப்யூட்டர் இரைகிறதா? பர்ஸை அப்புறம் திறக்கலாம்

பிரௌசரைத் திறந்தாலே விசிறி சீறுகிறது, அரை நிமிடத்தில் அடங்குகிறது, மறுபடி சீறுகிறது. ஓரறை வீடு, பிள்ளை பக்கத்திலேயே தூங்குகிறான். புது விசிறி வாங்க எவ்வளவு ஆகும்? (ஈசூன் வாசகி)

ஒரு காசும் ஆகாது. முதலில் தூசியைத் துடையுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். சிபியு (கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர்) மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் காற்று அடியுங்கள். அடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது கண்டபடி சுற்றி பேரிங் கெட்டுப்போகலாம்.

அப்புறம் பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரை) போய் விசிறி வேகத்துக்கான அமைப்பைத் தேடுங்கள். வெப்பம் சற்றே ஏறினாலும் வேகம் கூடும்படி வைத்திருப்பார்கள். சீறி அடங்குவது அதனால்தான். 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அதற்கு மேல் படிப்படியாக ஏற்றம், 80-ஐத் தாண்டினால் முழு வேகம் என்று மாற்றுங்கள். வேகம் கூடுவதைச் சில நொடி தாமதிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ஏர்கான் இல்லாத நம் சிங்கப்பூர் வீட்டு அறையே 30, 31 டிகிரியில் இருக்கிறது. சும்மா இருக்கும்போது சிபியு 45, 50 காட்டினால் பதற வேண்டாம்.

மெதுவாகச் சுற்றுவதில் கிடைக்கும் லாபம் பெரியது. வேகத்தைப் பாதியாக்கினால் விசிறிச் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காற்றும் பாதியாகும், ஆனால் மெயில் பார்க்கவும் எக்செல் போடவும் அது தாராளம்.

இன்னொன்று, விசிறியின் ஒயரில் மூன்று பின்னா நான்கு பின்னா என்று பாருங்கள். மூன்று பின் விசிறியை பயோஸில் 'பிடபிள்யூஎம்' (நான்கு பின் விசிறிக்கான முறை) என்று விட்டிருந்தால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். 'டிசி' என்று மாற்றினால் சொன்னபடி கேட்கும். பலர் புது விசிறி வாங்கிய பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

சத்தம் உறிஞ்சும் ஃபோம் ஒட்டலாமா? அல்லது 'சைலண்ட் கேஸ்' (சத்தத்தை அடக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) வாங்கலாமா? (செங்காங் வாசகர்)

இரண்டும் இப்போது வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் மூடிய கேஸ் உள்ளே சூட்டைத் தேக்கும், விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் சிபியுவுடன் வந்த குட்டி விசிறியைக் கழற்றிவிட்டு, 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த டவர் கூலர் (உயரமான தகட்டு அடுக்கு) ஒன்று போடுங்கள். தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் கம்ப்யூட்டர் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேர். நாலைந்து கடை விசாரித்து வாங்குங்கள். போகுமுன் கேஸின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கூலரின் உயரம் இடித்தால் பக்கத் தகடு மூடாது.

இரவில் 'கர்ர் கர்ர்' என்று மேசையே அதிர்கிறது. விசிறியை விரலால் நிறுத்திப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. (புக்கிட் பாத்தோக் வாசகர்)

ஓடும் விசிறியில் விரல் வைக்காதீர்கள் ஐயா! நீங்கள் சொல்வது பழைய ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு, அதிர்வைக் கேஸுக்குக் கடத்துகிறது. திருகுகளில் ரப்பர் வாஷர் போட்டாலே பாதி அடங்கும். விண்டோஸை எஸ்எஸ்டிக்கு (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாற்றிவிட்டு, பழைய படங்களை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால், பெரும்பாலான நேரம் அது தூங்கிக் கிடக்கும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே இல்லை. சத்தம் புதிதாகத் தொடங்கி 'டக் டக்' என்றும் கேட்டால், வேறு எதையும் செய்யுமுன் படங்களைப் பிரதி எடுங்கள்.

மகன் கேம் விளையாடினால் ஹாலில் சீரியல் கேட்கவில்லை. (தோ பாயோ வாசகி)

அது கிராஃபிக்ஸ் கார்டு. திரை நொடிக்கு 60 ஃபிரேம்தான் காட்டும் என்றால், கார்டு 150 தயாரிப்பது வீண் உழைப்பு. கேமின் அமைப்பில் 60-க்கு வரம்பு போடச் சொல்லுங்கள். பையன் முனகுவான், விடுங்கள்.

லேப்டாப்புக்கு ஏதாவது வழி? (உட்லண்ட்ஸ் வாசகர்)

விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ வேகம் (பிராசஸர் தேவைக்கேற்பத் தானே கூட்டிக்கொள்ளும் வேகம்) நின்றுவிடும், சூடும் குறையும். மெத்தை மேல் வைக்காதீர்கள்.

பவர் சப்ளை விசிறிதான் கிறீச்சிடுகிறது. திறந்து எண்ணெய் விடலாமா? (ஜூரோங் வாசகர்)

கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும். அந்தப் பெட்டியைத் திறக்காமல் முழுசாக மாற்றுங்கள். இதில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம்.