சிமென்ட் வந்தது, மணல் வரவில்லை

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) வீடு கட்டுகிறோம். 1000 சதுர அடிக் கூரை கான்கிரீட்டுக்கு ஐப்பசி பிறந்ததுமே 100 மூட்டை சிமென்ட் இறக்கிவிட்டார்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரியோ மலைப்பாதையில் மண் சரிந்ததால் மேட்டுப்பாளையத்திலேயே நிற்கிறது. மேஸ்திரி இன்ஜினீயரைக் கைகாட்டுகிறார், அவர் கடைக்காரரை. யாரிடம் முறையிடுவது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: முறையிட ஆள் தேடாதீர்கள், அம்மா. மூவரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள். ஒருவருடைய தேதி மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கூரை போடும் நாளை முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஆர்டர் கொடுங்கள். முதலில் வர வேண்டியது கம்பி. 12 மீட்டர் கம்பி கொண்டை ஊசி வளைவில் திரும்பாது என்று இரண்டாக மடித்து அனுப்புவார்கள். மேஸ்திரி சுத்தியலால் அடித்து நிமிர்த்துவார். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இன்ஜினீயரிடம் கம்பிப் பட்டியல் வாங்கி, கீழேயே அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். 12 மி.மீ. கம்பியில் ஒவ்வோர் இணைப்புக்கும் சுமார் 60 செ.மீ. கூடுதலாக வேண்டும், பட்டியலில் அதுவும் இருக்கட்டும்.

அடுத்து மணலும் ஜல்லியும். ஐந்து அங்குலக் கனத்துக்கு, பீம் நீங்கலாக, மணல் இரண்டு யூனிட்டும் ஜல்லி நான்கு யூனிட்டும் போதும் (ஒரு யூனிட் என்றால் 100 கன அடி). ஆனால் உங்கள் ஹட்டிப் பாதையில் டிப்பர் நுழையுமா? நுழையாவிட்டால் சாலையோரத்தில் கொட்டி, பிக்கப் வண்டியில் மாற்ற வேண்டும். கூலி இரண்டு முறை, மழையில் கரைந்துபோகும் மணல் வேறு. டிரைவரிடம் பேசும் முன் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரை நீங்களே நடந்து பாருங்கள். இன்ஜினீயர்கள் பெரும்பாலும் காரிலேயே வந்து போய்விடுகிறார்கள்.

சிமென்ட் கடைசியில், கான்கிரீட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வந்தால் போதும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியை விடாது. தை பிறந்த பிறகு தேதி வைப்பது நல்லது.

இப்போது இருக்கும் மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மிகாமல் அடுக்கித் தார்ப்பாய் போர்த்துங்கள். மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரத்திலிருந்து மூன்று மாதம் கடந்தால், சோதிக்காமல் கூரைக்குப் போட வேண்டாம். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் பூச்சு வேலைக்கும் ஆகாது.