முப்பது கெஜத்தில் சுட்ட மான் ஏன் கிடைக்கவில்லை?

ஓஹையோவில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஜனவரியில் வரும் குழல்வாய்த் துப்பாக்கிப் பருவத்தில் (மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாக இறக்கிச் சுடும் வகை) முதன்முறையாக மான் வேட்டைக்குப் போனேன். 50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழல் கொண்ட இன்லைன் என்ற நவீன வகைத் துப்பாக்கி. 50 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறிய அளவு) வெடிமருந்து வில்லைகள் மூன்று போட்டு, பிளாஸ்டிக் முனை வைத்த 250 கிரெயின் குண்டைச் சபோ என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து ஏற்றியிருந்தேன். 20 அடி உயரப் பரணிலிருந்து ஏறத்தாழ 30 கெஜத்தில், பாதி என் பக்கம் திரும்பி நின்ற பெண் மானின் தோளைக் குறிவைத்துச் சுட்டேன். தடுமாறியது, எழுந்து ஓடியது. எலும்புத் துணுக்குகளும் கொஞ்சம் இரத்தமும் கிடந்தன. 150 கெஜத்துக்குப் பிறகு தடயமே இல்லை. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. இன்னும் கனமான குண்டு வாங்க வேண்டுமா, மருந்தைக் கூட்ட வேண்டுமா? கழுத்தில் சுட்டால் அங்கேயே விழும் என்கிறார்களே, உண்மையா?"

இரண்டு நாள் தேடினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே இந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். தேடாமல் வீடு திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் தரையில் கிடந்ததைப் படிப்போம். எலும்புத் துணுக்கு, தொடக்கத்தில் கொஞ்சம் இரத்தம், பிறகு ஒன்றுமில்லை. நுரையீரலில் குண்டு பாய்ந்திருந்தால் தடயம் இப்படி வற்றாது. பெரும்பாலும் 100 கெஜத்துக்குள் மானே கிடக்கும். உங்கள் குண்டு தோள்மூட்டில் அடித்து, அங்கேயே சிதறி, நெஞ்சுக்கூட்டுக்குள் ஆழமாகப் போகாமல் நின்றிருக்கிறது. தசையிலிருந்து வரும் இரத்தம் சிறிது தூரத்தில் உறைந்து நின்றுவிடும். உங்கள் கதையில் எல்லாமே அதைத்தான் சொல்கின்றன.

அப்படியானால் மருந்து குறைவா? கூடுதல். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கடைக்குப் போனால் எல்லாரும் எதிர்த்திசையில்தான் உங்களைத் தள்ளுவார்கள்.

மூன்று வில்லை என்றால் 150 கிரெயின் மருந்து. 250 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிராம், அந்த மருந்தில் நொடிக்கு 2,000 அடியை ஒட்டிய வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது. 50 காலிபர் குழலில் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள், அதாவது சபோவுக்குள், உட்கார்ந்து போகிற குண்டின் விட்டம் பெரும்பாலும் 0.45 அங்குலம்தான். இவற்றில் பல, கைத்துப்பாக்கிக் குண்டின் வழிவந்தவை. 45 காலிபர் கைத்துப்பாக்கிகளில் சாதாரணமாக நொடிக்கு 800 முதல் 1,000 அடி வேகம். அந்த வேகத்தில் விரியும்படி மெல்லிய செம்பு உறையும் மென்மையான ஈய உட்கருவும் கொண்டு செய்த ஒன்றை, அதன் இரு மடங்கு வேகத்தில் 30 கெஜத்திலேயே கனத்த எலும்பில் மோதவிட்டால் என்ன ஆகும்? உறை கிழியும், ஈயம் சிதறும், எடை போகும். எடை போன குண்டு ஆழம் போகாது. பிளாஸ்டிக் முனை இதை இன்னும் துரிதப்படுத்துகிறது. மோதியதும் அந்த முனை உள்ளே தள்ளப்பட்டு, ஆப்பு போலக் குண்டைப் பிளந்து விரிப்பதற்காகவே வைக்கப்பட்டது.

ஒரு வில்லையைக் குறைத்துப் பாருங்கள். 100 கிரெயின் மருந்தில் அதே குண்டு ஏறத்தாழ 1,650 அடியில் புறப்படும். வேகம் குறைந்ததால் விரிவது நிதானப்படும், எடை மிஞ்சும், துளை மறுபக்கம் வரை போக வாய்ப்பு கூடும். துப்பாக்கி தோளில் உதைப்பதும் தணியும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கம் போகும். பல குழல்களில் குண்டுகள் விழும் இடங்களும் ஒன்றோடொன்று நெருங்கிவருகின்றன. 100 கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு மூன்றாவது வில்லையால் கிடைப்பது புகையும் உதையும்தான்.

குண்டையும் மாற்ற விரும்பினால் மூன்று வழிகள் உண்டு. உறையும் ஈயமும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட குண்டுகள் எலும்பிலும் எடையை அதிகம் இழப்பதில்லை. முழுக்கச் செம்பாலான குண்டுகள் இன்னும் உறுதி. இதழ் இதழாக விரிந்து, அனேகமாக முழு எடையோடு மறுபுறம் வெளியேறும். ஆனால் அவை விரிய வேகம் வேண்டும், ஆகையால் மருந்தை மிகவும் குறைத்து, தூரத்தையும் கூட்டினால் ஊசி போலத் துளைத்துப் போய்விடும் ஆபத்து உண்டு. மூன்றாவது, சபோ இல்லாமல் குழலை நிறைத்துப் போகும் 350, 400 கிரெயின் மென் ஈயக் குண்டு. மெதுவாகத்தான் போகும், தூரத்தில் சீக்கிரம் தாழும், ஆனால் விரியாமலேயே அரை அங்குலத் துளை போடும். அடர்ந்த காட்டில் 75 கெஜத்துக்குள் சுடுகிறவராக இருந்தால் நான் அதைத்தான் எடுத்துக்கொள்வேன். கனமான குண்டைப் பற்றிக் கேட்டீர்கள். கனத்தால் பலன் உண்டு, அதே 150 கிரெயின் மருந்தோடும் அதே கோணத்தோடும் சேர்ந்தால் இல்லை.

சக்திதான் எல்லாம் என்று நம்புகிறவர்கள் உங்கள் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவைப் பார்க்க வேண்டும். அங்கே கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் குழல்வாய்த் துப்பாக்கிப் பருவத்தில் சக்கிமுக்கி வகைக்கு மட்டுமே அனுமதி. கல் உரசித் தீப்பொறி தட்ட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்துகொடுத்த நீண்ட குழல் துப்பாக்கிகளின் மரபு அது. 50 காலிபர் குழலில் துணியில் சுற்றி இறக்கும் உருண்டை ஈயக்குண்டின் எடை ஏறத்தாழ 177 கிரெயின், உங்கள் குண்டைவிட எவ்வளவோ குறைவு. உருண்டை காற்றை மோசமாகக் கிழிக்கும்; 1,900 அடியில் புறப்பட்டாலும் 100 கெஜம் போவதற்குள் ஏறத்தாழ 1,100 அடிக்கு இறங்கிவிடும். இருந்தும் அந்த உருண்டையால் மான்கள் சுத்தமாக விழுகின்றன. காரணம், அதை எடுத்துப் போகிறவர்கள் 50 கெஜத்துக்குள் மான் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருக்கிறார்கள். காத்திருக்காதவர்களுக்கு அந்தத் துப்பாக்கி இடம் கொடுப்பதில்லை.

இனி கோணம். உங்கள் தவறின் பெரும்பகுதி இங்கேதான், குண்டில் அல்ல.

மானின் முன்னங்கால் தூண் போல நேராக மேலேறுகிறது என்று நினைத்துத்தான் பலரும் சுடுகிறார்கள். உண்மையில் முழங்கையிலிருந்து கனத்த எலும்பு முன்னோக்கிச் சாய்ந்து மார்பின் முன்பக்கம் போகிறது. அங்கே தோள்மூட்டு. அந்த மூட்டிலிருந்து தட்டையான தோள்பட்டை எலும்பு பின்னோக்கிச் சாய்ந்து மேலே ஏறுகிறது. பின்பக்கம் திறந்த ஒரு மடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயமும் நுரையீரலின் கனமான பகுதியும் அந்தத் திறப்பை ஒட்டி, தாழ்வாக இருக்கின்றன. எனவே மான் முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, அடிவயிற்றுக் கோட்டிலிருந்து உடல் உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு மேலே சுட்டால், கனத்த எலும்பு எதையும் தொடாமல் இரு நுரையீரல்களும் போகும். சற்றுத் தாழ்ந்தால் இதயம். அந்தப் பக்கத்து முன்னங்காலை மான் ஓரடி முன்னே எடுத்து வைக்கும் கணம் இன்னும் நல்லது.

பாதி உங்கள் பக்கம் திரும்பி நின்றால் அந்த மடிப்பின் முனை, அதாவது மிகக் கனத்த மூட்டு, உங்களுக்கு நேராக வருகிறது. அது தப்பினாலும் குண்டு ஒரு நுரையீரலை மட்டும் கீறி இரைப்பைக்குள் போகும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். இந்தக் கோணத்தில் சுடாதீர்கள். விலகி, பாதி அந்தப் பக்கம் திரும்பி நிற்கும் மான் வேறு கணக்கு: கடைசி விலாக்களின் பக்கமாகக் குண்டு நுழைந்தாலும் முழு நெஞ்சையும் ஊடுருவும். அப்போது இந்தப் பக்கத்துத் தோளை மறந்துவிட்டு, எதிர்ப்பக்க முன்னங்காலை மனக்கண்ணில் பிடித்து, அதை நோக்கிச் சுட வேண்டும்.

பரணிலிருந்து சுடுகிறவருக்கு இன்னொன்று. 20 அடி உயரமும் 30 கெஜத் தூரமும் என்றால் சாய்வு அதிகமில்லை. மான் 10 கெஜத்துக்குள் வந்துவிட்டால் குண்டு மேலிருந்து நல்ல சரிவாக இறங்கும். நுழைதுளை முதுகுக்கு அருகில் உயரமாக இருக்கும். வெளித்துளை இல்லையென்றால் இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நிறையுமே தவிர தரையில் சொட்டாது. மான் 80 கெஜத்தில் செத்துக் கிடக்கும், நீங்கள் தடயம் இல்லாமல் நிற்பீர்கள். தாழ்வான வெளித்துளை ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் சிதறாத குண்டை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். குண்டு எங்கே நுழைய வேண்டும் என்பதைவிட எங்கே வெளியேற வேண்டும் என்பதைப் பார்த்துச் சுடுங்கள்.

உயரமாகச் சுடுவதன் ஆபத்தை நான் அனுபவித்தே கற்றேன். என் மூன்றாவது பருவம் அது. மான் இடி விழுந்ததுபோலச் சரிந்தது. புகை கலையும் முன்பே மகிழ்ச்சியில் பரணிலிருந்து இறங்கத் தொடங்கினேன், துப்பாக்கியில் மறுபடி மருந்து ஏற்றவில்லை. ஒரு நிமிடத்துக்குள் அது எழுந்து போய்விட்டது. தோளுக்கு மேலே முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக ஓடுகிறது. அதற்கு மேலே இருப்பது எலும்பு முட்களும் தசையும்தான். அங்கே பட்டால் அதிர்ச்சியில் விழும், பிறகு எழும். அன்றிலிருந்து எந்த மான் எப்படி விழுந்தாலும் முதலில் மறுபடி ஏற்றுகிறேன், பிறகுதான் மற்றதெல்லாம்.

கழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதுகுத்தண்டில் பட்டால் விழும் என்பது உண்மை. அந்தத் தண்டு சில அங்குல அகலம்தான், ஓயாமல் அசையும் கழுத்துக்குள் அது எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தவறினால் மூச்சுக்குழல் கிழிந்தோ தாடை உடைந்தோ நாள்கணக்கில் துடித்துச் சாகும். இரண்டாவது குண்டுக்கு அரை நிமிடமாவது பிடிக்கும் துப்பாக்கியோடு அதை முயலவே கூடாது.

சுட்ட பிறகு செய்ய வேண்டியதில் பாதி, புகைக்கு அடியில் பார்ப்பது. ஈரக்காற்றில் புகை கண்மட்டத்தில் தொங்கும். தரையில் நிற்கிறீர்கள் என்றால் மண்டியிட்டுக் குனியுங்கள். மான் கடைசியாகத் தெரிந்த மரத்தை நினைவில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னங்காலை உதைத்துத் தாழ்வாகப் பாய்ந்தால் இதயப் பகுதியில் பட்டிருக்கலாம். முதுகை வளைத்து மெதுவாக நடந்தால் வயிறு. நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பு கல்லீரல், நான்கு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பச்சை கலந்து நாற்றம் வந்தால் இரைப்பை, குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து மைல்கணக்கில் போய்விடும். கயிற்றில் கட்டிய மோப்ப நாயைக் கொண்டு தேட உங்கள் மாநிலம் அனுமதிக்கிறது. இரண்டு நாள் தனியாக அலைவதற்குப் பதில் முதல் மாலையே அப்படியொருவரை அழையுங்கள்.

மருந்தைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள். நவீனத் தோட்டாக்களில் வரும் புகையற்ற மருந்து இந்த வகைக் குழலில் ஒருபோதும் கூடாது, குழல் வெடிக்கும். கருமருந்துக்கு மாற்றாக விற்கும் டிரிபிள் செவன் போன்றவை அதைவிட வீரியமானவை. தூளாக அளந்து போடுகிறவர் அளவை 15 சதவீதம் குறைக்க வேண்டும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும்; சரியாக இறங்கிய நிலையில் தள்ளுகம்பியில் ஒரு கோடு போட்டுவைத்து ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் நாட்டுத்துப்பாக்கி என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான், ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். இங்கே எழுதியிருப்பது உரிமமும் பருவமும் உள்ள ஒரு நாட்டைப் பற்றி மட்டுமே.

மிச்சமிருக்கும் குண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். கோடையிலேயே இரண்டு வில்லைகளோடு அவற்றைச் சுடுதளத்துக்கு எடுத்துப் போங்கள். மேசையில் வைத்துச் சுட்டு 100 கெஜத்துக்குச் சரிசெய்த பிறகு, மேசையை விட்டு விலகி, பரணில் உட்காருவது போலவே உட்கார்ந்து, ஆறு அங்குலக் காகிதத் தட்டில் ஐந்து குண்டுகள் சுடுங்கள். குண்டுக்குக் குண்டு குழலை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், ஏனென்றால் காட்டில் உங்கள் முதல் குண்டு சுத்தமான குழலிலிருந்துதான் புறப்படும். ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, 60 கெஜமானாலும் சரி, வரும் ஜனவரியில் அதற்கு அப்பால் நிற்கும் மானைப் போகவிடுங்கள்.