ஒன்பதாம் கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் உள்ளது. சென்ற பருவத்தில் எங்கள் மாணவ மாணவியர் 600 பேரிடம் உடல்நலம், மனநலம் குறித்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். வகுப்பு வகுப்பாகக் கணினி ஆய்வகத்தில் அமரவைத்து, வகுப்பாசிரியர் முன்னிலையில் கூகுள் படிவத்தை நிரப்பச் செய்தோம். பெயர் கேட்கவில்லை, துறை, ஆண்டு, பாலினம், விடுதியா வீடா என்பவற்றை மட்டும் கேட்டோம். ஒருவர் விடாமல் நிரப்பினார்கள். ஆனால் விடைகளின்படி ஏறக்குறைய எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள், மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். மனச்சோர்வை அறியப் பயன்படும் பி.ஹெச்.க்யூ-9 படிவத்தின் வினாக்களில் ஒன்பதாவதற்கு மட்டும் 12 பேர் ‘சில நாட்கள்’ என்றோ அதற்கு மேலோ குறித்திருந்தனர்; அது 2 சதவீதம். தினமும் அவர்களோடு பழகும் எனக்கு இந்த முடிவுகள் உண்மையல்ல என்று தெரியும். இந்தத் தலைமுறையினர் ஒரு படிவத்தைக்கூட நேர்மையாக நிரப்புவதில்லை. மாணவர்களை உண்மை சொல்லவைப்பது எப்படி? வேறு நல்ல வினாப்படிவம் உண்டா? ஊக்கப்பரிசு கொடுக்கலாமா? இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதவும் எண்ணியுள்ளேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. 2025 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதன் பிறகு, எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் பலரும் தங்கள் கல்லூரியில் ஏதோ ஒரு படிவம் சுற்றுக்கு விடப்பட்டதாகச் சொல்கிறார்கள். கேட்பது பெருகியிருக்கிறது, கேட்டபின் என்ன செய்தார்கள் என்று விசாரித்தால் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருப்பதில்லை. இதையே சில காலமாக மனத்தில் போட்டு உழன்றுகொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வேறு வினாப்படிவம் தேட வேண்டாம். நீங்கள் பயன்படுத்தியது 2001-இல் வெளியாகி உலகெங்கும் புழங்கிவரும் படிவம்: கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. அதில் குறையொன்றும் இல்லை. ஊக்கப்பரிசு கொடுத்தால் நிரப்பப்பட்ட படிவங்கள் கூடும், அவற்றிலுள்ள உண்மை கூடாது. கட்டுரையைப் பொறுத்தவரை, இத்தகைய ஆய்வைத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உங்கள் கடிதத்தில் அப்படியொரு குழுவின் பேச்சே இல்லை. ஒப்புதல் பெறவில்லை என்றால் கட்டுரையை மறந்துவிடுங்கள்.

ஆனால் ‘இந்தத் தலைமுறையினர் ஒரு படிவத்தைக்கூட நேர்மையாக நிரப்புவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. ஓர் ஆசிரியர் எழுதக் கூடாத வரி அது. நீங்கள் நடத்திய கணக்கெடுப்பை, அதை நிரப்பிய ஒரு மாணவியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். இருபுறமும் வகுப்புத் தோழிகள். கழுத்தைச் சற்றுத் திருப்பினால் அவர்கள் திரை இவளுக்கும், இவள் திரை அவர்களுக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பவர், அவளுடைய அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் கையில் வைத்திருக்கும் வகுப்பாசிரியர். பெயர் கேட்கவில்லை என்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு இயற்பியலில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியர் எத்தனை பேர் இருப்பார்கள்? நான்கு பேரா, ஐந்து பேரா? துறை, ஆண்டு, பாலினம், விடுதி ஆகிய நான்கையும் கேட்டுவிட்டால் பெயரை எதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்? பொறுப்போடு கணக்கெடுப்பவர்கள் சிறு குழுக்களைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதே இல்லை. பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுவார்கள் அல்லது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். உங்களுக்குத் தோன்றாத இந்தக் கணக்கு, அந்த நாற்காலியில் இருந்தவளுக்கு ஒரு நொடியில் தோன்றியிருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் கல்லூரி நாட்களும் ஒரு காரணம். எங்கள் விடுதியில் சேரும்போது மஞ்சள் தாளில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். வலிப்பு உண்டா, காசநோய் இருந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் உண்டா என்று மூன்று கேள்விகள்; எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று கட்டங்கள். என் அறைத்தோழன் கரிசல்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவன். சிறுவயதிலிருந்தே வலிப்புக்கு மாத்திரை எடுத்துவந்தான். பல மாதங்களாக ஒருமுறைகூட வந்ததில்லை. அவன் ‘ஆம்’ கட்டத்தில் குறியிட்டு, பக்கத்திலேயே மாத்திரையின் பெயரையும் அதைச் சாப்பிட வேண்டிய நேரத்தையும் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தான். தெரிந்துகொண்டால் உதவுவார்கள் என்று நம்பினான். ஒரு வாரத்துக்குள் அவனுடைய அப்பா தோள் துண்டைக் கையில் பிடித்தபடி வார்டன் அறை வாசலில் நின்றார். மற்ற பையன்கள் பயந்துவிடுவார்கள், வெளியில் அறை எடுத்துத் தங்கவையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெளியில் அறை எடுக்க அவர்களுக்கு வழியில்லை. பெட்டியை நானும் இன்னொருவனும் பேருந்து நிலையம்வரை தூக்கிச் சென்றோம். அவன் அழவில்லை. “இல்லைன்னு எழுதியிருக்கணும், இல்லடா?” என்று மட்டும் கேட்டான்.

அடுத்த ஆண்டு அதே மஞ்சள் தாள் வந்தது. அம்மா மனநல சிகிச்சையில் இருந்த நண்பன் மூன்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதினான். காசநோய்க்கு மருந்து முடித்துவிட்டு வந்திருந்தவனும் அப்படியே எழுதினான். காகிதத்தின்படி எந்த நோயும் அண்டாத விடுதியாக அது ஆயிற்று. அவர்கள் யாருக்கும் நேர்மை குறைந்துவிடவில்லை. உண்மையைச் சொன்ன ஒருவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் மாணவர்களும் பள்ளியிலும் வீட்டிலும் விடுதியிலும் இப்படி எதையோ பார்த்துவிட்டுத்தான் உங்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

‘ஒருவர் விடாமல் நிரப்பினார்கள்’ என்பதை ஒரு சாதனையாக எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. விடையளித்தவர்கள் 13,984 பேர். அழைக்கப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே விடையளித்தார்கள். அவர்களில் 31 சதவீதத்தினருக்கு, கடந்த ஓராண்டில் பரவலான மனநலக் கோளாறுகளில் ஒன்றேனும் இருந்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. விருப்பப்பட்டு வந்தவர்களிடம் மட்டும் கேட்பதிலும் சாய்வு உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைச் சரிக்கட்டப் புள்ளியியலில் வழிகள் உள்ளன. ஆனால் மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் வாங்கிய நூறு சதவீதத்தைச் சரிக்கட்ட எந்த வழியும் இல்லை. வேண்டாம் என்று எழுந்துபோக ஒருவருக்கும் துணிவில்லாத அறையில், உண்மையை எழுத மட்டும் துணிவு எங்கிருந்து வரும்?

உடல்நலப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. ‘போதுமான தண்ணீர் குடிக்கிறீர்களா?’ போன்ற கேள்விகளை எல்லாப் படிவங்களிலும் பார்க்கிறேன். காலை முதல் பேருந்தில் ஏறி, சாப்பிடாமல் வந்து, மாலைவரை வாயில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளும் மாணவியரை நீங்களும் அறிவீர்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. உள்ளே போகிறவளுக்காக வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்கும் படிவம், தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதை அறிய ஒரு கேள்வியும் தேவையில்லை; ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியரை அழைத்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். அந்த விடை பொய் சொல்லாது. இரும்புச்சத்து மாத்திரையையும் அன்றே கொடுத்துவிடலாம்.

நீங்கள் கேட்டது, உண்மை சொல்லவைப்பது எப்படி என்று. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த எளிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தனியே, பிறர் பாராமல், ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவாயினும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும்; பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். 200 பேரில் சுமார் 100 பேருக்குத் தலை விழும். மொத்தம் 130 ‘ஆம்’ வந்தால், மீதி 100 பேரில் 30 பேர் உண்மையாகவே ‘ஆம்’ என்று சொல்லியிருக்கிறார்கள் என்று கணிக்கலாம். எந்த ஒரு ‘ஆம்’ தாளையும் பிடித்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது. புகைபிடிப்பது, குடிப்பது, ராகிங்குக்கு ஆளானது போன்றவற்றை இப்படிக் கேட்கலாம். எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் ஆள் கிடைக்க மாட்டார். இந்த இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்பதைக் கேள்வி எழுதும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். நீங்கள் அதை முடிவுசெய்யாமலேயே கேட்டுவிட்டீர்கள். நான் சொல்ல வந்ததும் இங்கேதான் இருக்கிறது.

ஒன்பதாவது கேள்வி என்ன கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும். செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் தோன்றியதா என்று கேட்கிறது. இந்தப் படிவம் மருத்துவரின் மேசைக்காக உருவானது. நோயாளி ‘சில நாட்கள்’ என்று குறித்தவுடன் எதிரே இருக்கும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார், பேசுவார். உங்கள் ஆய்வகத்தில் எதிரே இருந்தது ஒரு திரை. அது ‘உங்கள் விடை பதிவுசெய்யப்பட்டது’ என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. மற்ற 588 பேரைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள், அவர்கள் பொய் சொல்லியிருப்பார்கள் என்று. முதுகுக்குப் பின்னால் ஆசிரியர் நடக்க, பக்கத்தில் தோழிகள் இருக்க, அத்தனையையும் மீறி 12 பேர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தேடிய நேர்மை அங்கே இருந்தது. அதை நீங்கள் 2 சதவீதம் என்று அட்டவணையில் போட்டுவிட்டு, வேறு நல்ல படிவம் உண்டா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். சென்ற பருவத்தில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் ஒரு பருவமாகக் காத்திருக்கிறார்கள். ‘கேட்டார்கள், சொன்னேன், ஒருவரும் வரவில்லை’ என்பதைத்தான் அந்தப் படிவம் அவர்களுக்குக் கற்பித்திருக்கும். கேட்காமலே இருந்திருந்தால் அந்தக் காயமாவது இல்லாமல் இருந்திருக்கும்.

கேட்பதனால் அந்த எண்ணம் மனத்தில் முளைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது ஆதாரமற்ற அச்சம். நேரடியாகக் கேட்பது தீங்கு செய்வதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. நான் சொல்வது, ‘ஆம்’ என்று வந்தால் அன்றைக்கே உடன் உட்கார்ந்து பேச ஒரு மனிதர் தயாராக இருந்தால்தான் அதைக் கேட்க வேண்டும் என்பது. அப்படி ஆள் இல்லாத கணக்கெடுப்புகளில் அந்த ஒரு கேள்வியை நீக்கிவிட்டு எட்டுக் கேள்விகளை மட்டும் கேட்கும் பி.ஹெச்.க்யூ-8 என்ற வடிவமே இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்களின்படி, 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள உளவள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். உங்களிடம் 600 பேர் படிக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் ஆலோசகர் என்ற சொல்லே வரவில்லை.

கோபமாக எழுதிவிட்டேன் என்று எனக்குத் தெரிகிறது. கற்பிக்கும் வேலைக்கு மேல் இந்தப் பொறுப்பையும் சுமந்து, 600 பேரின் நலத்தைக் கேட்க வேண்டும் என்று நினைத்தவர் நீங்கள். வந்த விடைகளை அப்படியே நம்பி மகிழாமல், இது உண்மையல்ல என்று உறுத்தல் கொண்டவரும் நீங்கள்தான். உங்களிடம் சொன்னால் நடக்கும் என்று நினைப்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியவை சில. படிவத்தின் விடைத்தாளைத் திறந்து, மின்னஞ்சல் முகவரிகள் அதில் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லூரிக் கணக்கு வழியாகத் திறக்கும் படிவங்களில் பல நேரம் பதிவாகிவிடும். வேறு யார் யாருக்கு அந்தத் தாளைப் பார்க்க அனுமதி இருக்கிறதோ அதை நீக்குங்கள். முகவரிகள் இருந்தால், நீங்களாக யாரையும் அழைக்க வேண்டாம், துறைத்தலைவரிடமோ பெற்றோரிடமோ கொண்டுபோகவும் வேண்டாம். அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரைச் சென்று பார்த்து, எப்படி அணுகுவது என்ற முடிவை அவரிடம் விடுங்கள். முகவரிகள் இல்லையென்றால் 12 பேரைத் தேடி அலையாதீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் போய், சென்ற பருவத்தில் கேட்டோம், சிலர் கடினமான ஒன்றைச் சொன்னீர்கள், பதில் சொல்ல இவ்வளவு தாமதமாகிவிட்டது என்று அறுநூறு பேரிடமும் சொல்லுங்கள். ஆலோசகர் எந்த நாளில், எந்த அறையில் இருப்பார் என்பதையும், டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 என்பதையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஆலோசகர் அறை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம். நூலகத்துக்குப் போகிற வழியில் இருக்கட்டும், யார் எங்கே போகிறார்கள் என்று எவரும் கவனிக்க மாட்டார்கள். உங்கள் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவர் இருக்கிறார். தொலைபேசி எண்ணைத் தனியே அனுப்புங்கள், இந்த வாரமே உங்களோடு பேசச் சொல்கிறேன்.

அன்புடன்